உங்கட லாம்பு கூப்பிடுது

இஞ்சாருங்கோ,

குசினி துடைக்கிற துணியில் இன்று காலையும் மண்ணெண்ணெய் மணத்தது. இரண்டு தரம் சுடுதண்ணீரில் அவித்து, நல்ல வெயிலில் காயப்போட்டு எடுத்த துணி. கையில் எடுத்தால் மணக்கிறது. ஆகவே, நீங்கள் ஓய்வுபெற்ற காலம் தொட்டு எங்களுக்குள் இழுபட்டு வந்த வழக்கில் நான் வென்றுவிட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரீசரில் வைத்த என் பாரைமீன் மண்ணெண்ணெய் மணத்தது. மணத்ததுதான். "சோப்புத்தூள் போட்டுக் கழுவித்தான் வைச்சனான், உம்மட மூக்கிலைதான் பிழை" என்று சாதித்தீர்களே, வந்து இந்தத் துணியை ஒருக்கால் மோந்து பாருங்கள்.

வென்றும் ஒரு பிரயோசனமும் இல்லை. திருப்பி வாய் கொடுக்க நீங்கள் இல்லை. துணியை அவிக்கிறதும் நான்தான், மணம் போய்விட்டதோ என்று பயந்து மோந்து பார்க்கிறதும் நான்தான்.

மடல் எழுதுகிறவர்கள் பெயரை எழுதித்தான் தொடங்குவார்கள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ' என்றால் நீங்கள் திரும்புவீர்கள், அதுவே போதுமாக இருந்தது. இனிமேல் கடுதாசியில் எழுதிப் பழக எனக்கு மனமில்லை.

கப்பல் கம்பனியில் மேசையும் மின்விசிறியுமாக வாழ்ந்த மனிதர், ஓய்வு பெற்றதும் லாம்புப் பைத்தியம் பிடித்துத் திரிவார் என்று யார் கண்டது? எங்கள் ஒழுங்கையில் மற்ற ஆண்கள் காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள், பின்னேரம் கோயிலுக்குப் போனார்கள், இடைநேரத்தில் நாட்டு நடப்புக் கதைத்தார்கள். நீங்கள் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் இருந்து காற்றடித்துக் கொளுத்துகிற பழைய பெற்றோல்மாக்ஸ் லாம்புகளை உரப்பையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். மாடிப்படியில் அவை ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டாலே எனக்கு இரத்தம் கொதிக்கும்.

லாம்பு திருத்துகிறவர் என்றும் உங்களைச் சொல்லமுடியாது. மினுக்கமாட்டீர்கள். கண்ணாடி மாற்றமாட்டீர்கள். உங்களுக்கு வேண்டியது நெளிவு மட்டும். எண்ணெய் நிற்கிற பித்தளைத் தாங்கி எங்கேயாவது குழிந்து கிடந்தால், அதை உள்ளிருந்து தள்ளி வெளியே கொண்டுவரவேண்டும், அவ்வளவுதான். வளைத்த கம்பியைத் தாங்கியின் வாய்க்குள் விட்டு, பல்கனிக் கதிரையில் இருந்துகொண்டு, கண்ணை மூடி, மற்றக் கையின் விரலால் வெளிப்பக்கத்தைத் தடவியபடி நெம்புவீர்கள். தாங்கியை வைக்க ஒரு மண்மூட்டை வேண்டும் என்றீர்கள். வெள்ளவத்தைக் கடற்கரை மண்ணை நீங்கள் அள்ளிவந்து தர, என் பழைய சேலைத் துண்டில் அதை நிரப்பித் தைத்துத் தந்தவள் நான். ஏசிக்கொண்டுதான் தைத்தேன். தையல் மட்டும் ஒழுங்காக இருந்தது என்று நீங்களே சொன்னீர்கள்.

கம்பிக்கு மசியாத நெளிவுகளுக்கு ஐஸ். இந்த யோசனையை எங்கே பிடித்தீர்களோ தெரியாது. தாங்கி நிறையத் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, பிரீசரில் வைப்பது. தண்ணீர் ஐஸாகும்போது பெருக்கும், பெருக்கிற ஐஸ் நெளிவை உள்ளேயிருந்து தள்ளும். எங்கள் பிரிஜின் மேல்தட்டு அன்றோடு இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் என் மீன், வலது பக்கம் உங்கள் லாம்பு. முழுப் பாரையை வாங்கி வந்து துண்டு போட்டு அடுக்குகிற என் வழக்கமெல்லாம் போய், அரைக்கிலோவுக்கு வந்து நின்றேன். மீன்காரி என்னைப் பார்த்து, "வீட்டில ஆள் குறைஞ்சிட்டினமோ அம்மா?" என்று கேட்டாள். ஆள் கூடிவிட்டது, பித்தளை ஆள் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

ஐஸில் வைத்தால் காத்திருக்கவேண்டும். பிந்தினால் ஐஸ் மேலும் பெருத்து அடித்தகட்டைப் பிளந்துவிடும். நெளிவு வெளியே வருகிற நேரம் பித்தளை ஒரு சத்தம் போடும். 'டிக்'. நகம் வெட்டுகிற சத்தம் அளவுதான். அதைக் கேட்டதும் வெளியே எடுத்துவிடவேண்டும். நீங்கள் பல்கனியில், நான் குசினியில். ஆகவே அந்தச் சத்தம் எப்போதும் என் காதில்தான் விழும். கறிக்கு உள்ளி உரித்துக்கொண்டிருப்பேன், பிரிஜுக்குள் 'டிக்' என்னும். "இஞ்சாருங்கோ, உங்கட லாம்பு கூப்பிடுது" என்று சத்தம் போடுவேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவருவீர்கள். பிள்ளை பெறுகிற அறைக்குள் போகிறவர்போல முகம். மகள் பிறந்த அன்று இந்த ஓட்டம் ஓடவில்லை என்று நான் சொல்லிக்காட்டாத நாளில்லை.

எடுத்துத் தடவிப் பார்ப்பீர்கள். கால்வாசிதான் வந்திருக்கும். திரும்பக் கரையவிட்டு, திரும்ப நிரப்பி, திரும்ப வைப்பீர்கள். ஒருமுறை சலித்துப்போய், "ஒரேயடியா வெளியில வந்தால் என்னவாம்?" என்று கேட்டேன். "ஒரேயடியா வந்தால் சந்தோசப்படாதேயும். வேறை எங்கையோ விட்டுக்குடுத்திட்டுது எண்டு அர்த்தம். திருப்பிப் பாரும்" என்றீர்கள். உங்கள் லாம்புப் பிரசங்கங்களில் ஒன்று என்று அதையும் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டேன்.

நாடு இருண்டு கிடந்த அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். மணித்தியாலக் கணக்கில் கரண்ட் இல்லை. கொழும்பு முழுவதும் மெழுகுதிரி தேடி அலைந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் என்று எங்கு பார்த்தாலும் லாம்பு. கொளுத்த ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு போய் நாள் முழுவதும் வரிசையில் நின்று, வெறும் கானோடு திரும்பி வந்தீர்கள். கீழ்வீட்டு நிரோஷா, கல்யாணமாகி வந்த புதிது, படியேறி வந்து, "அங்கிள், ஒரு லாம்பு தாங்கோவன்" என்றாள். பெரிய மனிதராக எடுத்துக் கொடுத்தீர்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "அங்கிள், எண்ணெய்?" என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் இருமல் பிடித்துவிட்டது. ஒரு குட்டி மெழுகுதிரியைக் கொளுத்தி அத்தனை லாம்புகளுக்கும் முன்னால் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பாண் சாப்பிட்டோம். நெளிவு எடுக்கிறதுக்கு வெளிச்சம் தேவையில்லை என்று அந்த இருட்டிலும் விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

மரியதாஸ் அண்ணன் வந்தது அதற்குப் பிறகு. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில், மடியில் லாம்பை வைத்துக்கொண்டு. துறைமுகத்தில் உங்கள் கம்பனிச் சாமான் இறக்கிய காலத்துச் சினேகிதர். அவருடைய மனைவி பிலோமினா செத்த வீட்டுக்கு நாங்கள் போய்வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார்.

நெளிவு எப்படி வந்தது என்று கேட்பதில்லை என்பது உங்கள் கொள்கை. மரியதாஸ் அண்ணன் கேளாமலே சொன்னார். "இது எங்கப்பாட லாம்பு அண்ணே. கார்த்திகை ரெண்டாந் தேதி, ஆத்துமாக்கள் திருநாளுக்கு, கல்லறைக்குக் கொண்டுபோறது. மெழுகுதிரி அங்க நிக்காது, காத்தும் மழையும். இதக் கொளுத்தி வச்சா பக்கத்துக் கல்லறைக்காரங்களும் இந்த வெளிச்சத்துலதான் செபமாலை சொல்லுவாங்க. எப்பவும் பிலோமினாதான் தூக்கிட்டு வருவா. என்னைய தூக்க விடமாட்டா, நான் போடுவேன்னு. போன கார்த்திகை முதல்முதலா நான் தூக்கினேன். பக்கத்துக் கல்லறைச் சிலுவையில இடிச்சிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். அந்த வருஷம் அவளுடைய கல்லறையில்தான் அதை முதல்முதலாக வைக்க இருந்தாராம். நெளிவு, காற்றடிக்கிற பம்ப் இறங்கும் வாய்க்குப் பக்கத்தில். பம்ப் உள்ளே போகவில்லை. இருட்டிலேயே செபம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

நீங்கள் தாங்கியை மடியில் வைத்துக் கண்ணை மூடித் தடவினீர்கள். பிறகு, என்னைக் கேளாமல், தெய்வத்தைக் கேளாமல், "வாற கார்த்திகைக்குக் கொளுத்தித் தாறன் மரியதாஸ்" என்றீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு நான் ஏசினேன். எதற்கு வாக்குக் கொடுக்கவேண்டும், பார்க்கிறேன் என்று சொன்னால் போதாதா? "பாக்கிறன் எண்டு சொன்னால் அந்தாள் வீட்டை போய்ப் படுக்கமாட்டுது" என்றீர்கள்.

மாதக்கணக்கில் கம்பியோடு போராடினீர்கள். அந்த மூலைக்குக் கம்பி எட்டவில்லை. புதிது புதிதாக வளைத்தீர்கள், எதுவும் எட்டவில்லை. மற்றவர்களின் லாம்பை ஐஸில் வைக்க உங்களுக்குப் பயம். சொந்த லாம்பு பிளந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், இது பிலோமினா தூக்கிவந்த லாம்பு என்று தள்ளித் தள்ளிப் போட்டீர்கள். புரட்டாதியும் பிறந்தது. ஒருநாள் காலை தேத்தண்ணி குடித்ததும், குசினிப் பைப்பில் தாங்கியைப் பிடித்துத் தண்ணீர் நிரப்பினீர்கள். மூடியைப் பூட்டி, துவாயால் துடைத்து, வலது பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினீர்கள்.

"மத்தியானம்போலை கூப்பிடும். காதைக் குடுத்துக்கொண்டிரும். நான் கொஞ்சம் படுக்கிறன்."

படுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினீர்கள். நிரோஷாவின் புருஷன் ஓட்டோ பிடித்து வந்தான். காலி வீதி நெரிசலில் ஓட்டோ நின்று நின்று போகிறது, உங்கள் முகம் வேர்த்து வழிகிறது, நீங்கள் என் கையைத் தட்டி, "லாம்பு..." என்கிறீர்கள். "இப்ப உங்களுக்கு லாம்போ முக்கியம்? பேசாமல் வாங்கோ" என்று சத்தம் போட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. எல்லாரும் இதைக் கேட்டால் ஐயோ என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வேறு எதையாவது நான் சொல்லியிருந்தால் நீங்கள் இன்னும் பயந்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதிப் பிள்ளை உங்கள் பெயரைக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் சிங்களத்தில் மறுபடி கேட்டாள், எனக்குச் சிங்களம் தெரியாதென்று நினைத்து மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னாள். வாழ்நாள் முழுவதும் சொல்லாத பெயரை இரண்டு தரம் சொன்னேன். நீங்கள் திரும்பவில்லை.

வீட்டில், ஆளில்லாத குசினியில், அது கூப்பிட்டிருக்கும்.

செத்த வீடு, கனத்தைச் சுடலை, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தன. எத்தனையோ பேர் வந்தார்கள், என்னை இருத்தி எழுப்பினார்கள். அந்தியேட்டிச் சமையலுக்காக உங்கள் தங்கச்சி பிரீசரைத் திறந்து, "இதென்ன மச்சாள் கட்டிபோலை, எடுத்து எறியட்டோ?" என்றா. நான் போட்ட சத்தத்தில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பாவம், அவவுக்கு என்ன தெரியும். அன்றிலிருந்து ஒருவரும் அந்தக் கதவில் கை வைக்கவில்லை.

அடி பிளந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித் தந்ததுதானே, அரைநாள் பிந்தினாலே பிழைக்காது, இது மாதக்கணக்கு. ஆனாலும் வெளியே எடுக்கவில்லை. உள்ளே இருக்கிற மட்டும் ஒன்றும் முடியவில்லை என்ற ஒரு நினைப்பு. அந்தத் தண்ணீர் அன்று காலை நீங்கள் உங்கள் கையால் பிடித்த தண்ணீர். உங்கள் சட்டை தோய்த்தாயிற்று, தலையணை உறை மாற்றியாயிற்று, இது ஒன்றுதான் அன்று காலை வைத்தபடியே இருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக உறைபனி வளர்ந்து, பித்தளையே தெரியாமல் மூடியது. மீன் எடுக்கப் போகும்போதெல்லாம் பக்கத்தில் பார்ப்பேன். இடது பக்கத்தை விட்டு என் மீன் நகரவில்லை.

அந்தக் கார்த்திகை செத்த வீட்டுத் துடக்கோடு போயிற்று. மரியதாஸ் அண்ணன் வருஷம் முடிய உங்கள் ஆட்டத்துவசத்துக்கு வந்து, மூலையில் இருந்து சாப்பிட்டு, லாம்பைப்பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனார். அதன் கண்ணாடியும் மேல்மூடியும் அலுமாரிக்கு மேலே இருந்தன, அவர் கண்ணில் பட்டிருக்கும். படியிறங்கும்போது மட்டும், "கார்த்திகையும் வருதுதானே அக்கா" என்றார். காலநிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் ஓம் என்றேன். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அந்த மனிதருக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கவேண்டும்.

பதிலை வைத்தது பிரிஜ்தான். போன மாதம் ஒரு காலை குசினிக்குள் கால் வைக்கிறேன், நிலமெல்லாம் தண்ணீர். பிரிஜ் செத்துப் போயிருந்தது. திருத்துகிற பையன் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அம்மே, மேக்க இவரய். ஹதன்ன பே" என்றான். முடிந்துவிட்டதாம், திருத்த முடியாதாம். பிரீசரைத் திறந்து அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்து, "மே மொகத்த?", இதென்ன என்று கேட்டான். "மஹத்தயாகே லாம்புவ" என்றேன். ஐயாவின் லாம்பு. அவன் கதவை மெதுவாகச் சாத்தினான்.

நிரோஷா ஓடிவந்தாள். "அன்ரி, எங்கட பிரீசரில நிறைய இடம் இருக்கு. எல்லாத்தையும் தாங்கோ, புதுப் பிரிஜ் வரும்வரை இருக்கட்டும். அதையும் தாங்கோ." 'அதையும்' என்று சொன்ன விதத்தில், கட்டிடம் முழுவதற்கும் என் கதை தெரியும் என்று விளங்கியது. கொடுத்திருக்கலாம். பேப்பரில் சுற்றி ஒரு மாடி இறக்கினால், ஒரு சொட்டும் சிந்தாமல் இன்னொரு வருஷம் இருந்திருக்கும். நான் பேப்பரும் எடுத்துவிட்டேன். கனடாவிலிருந்து மகள் அந்த நேரம் பார்த்துத் திரும்பப் போன் எடுத்தாள். புதுப் பிரிஜுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றாள். நான் லாம்பைச் சொன்னேன். "அம்மா, அது தண்ணி அம்மா. வெறும் தண்ணி" என்றாள். அவளும் அழுதாள்.

தண்ணீர்தான். எனக்கு அது தெரியாதா?

மீனை மட்டும் நிரோஷாவிடம் கொடுத்தேன். பிறகு மரியதாஸ் அண்ணனுக்குப் போன் எடுத்து, லாம்பைக் கரைய வைக்கிறேன், வாங்கோ என்றேன். கார்த்திகை ரெண்டாந் தேதிக்குச் சில நாட்கள்தான் இருந்தன. அவர் குரலே மாறிவிட்டது. "உடனே வாறேன் அக்கா" என்றார். அடி போயிருக்கும் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஒருவேளை, ஒருவேளை என்று எனக்கும் ஒன்று உள்ளே இருந்தது.

பேசினில் உங்கள் மண்மூட்டையை வைத்து, அதன்மேல் தாங்கியை இருத்தி, பல்கனியில் உங்கள் கதிரைக்கு முன்னால் வைத்தேன். எதிரே நான் ஸ்டூலில் இருந்தேன். கீழே தண்டவாளத்தில் கோச்சி போனது, இரண்டு கட்டிடத்துக்கும் நடுவில் தெரிகிற அந்தத் துண்டுக் கடல் வெயிலில் கிடந்தது. வெள்ளை உரிந்து உரிந்து பித்தளை தெரியத் தொடங்கியது. அதோடு மணமும் வந்தது. சோப்புத்தூள் ஒன்றும் செய்யவில்லை என்று அப்போதே கண்டுகொண்டேன். கரைய ஒரு காலைப்பொழுது எடுத்தது. அவ்வளவு நேரமும் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். சமைக்கவில்லை, போன் எடுக்கவில்லை, உங்களோடு இருந்தேன். வேறு விதமாக எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

மரியதாஸ் அண்ணன் வந்தபோது பித்தளை முழுதும் வெளியே வந்திருந்தது. செருப்பைக் கழற்றிய கையோடு வந்து குந்தி, பம்ப் வாயைச் சுற்றி விரலை ஓட்டினார். திரும்ப ஓட்டினார். முகம் மலர்ந்துபோயிற்று.

"அக்கா! நெளிவே இல்ல அக்கா! பாருங்க, எங்க இருந்துச்சின்னே தெரியல!"

என் விரலையும் வைத்துப் பார்த்தேன். உங்களோடு இருந்து எத்தனை தரம் தடவிய இடம், கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். விரல் தேடிக்கொண்டே போயிற்று, அகப்படவில்லை. வார்த்தெடுத்த நாளில் இருந்ததுபோல வழுவழுவென்று இருந்தது. நீங்கள் எடுத்த நெளிவுகளில் இதுபோல ஒன்றும் வந்ததில்லை. ஒரேயடியாக வந்திருந்தது.

அப்போதுதான் உங்கள் பிரசங்கம் நினைவுக்கு வந்தது. சந்தோசப்படாதேயும், திருப்பிப் பாரும்.

அவர் சந்தோசப்பட்டு முடியட்டும் என்று கொஞ்சம் பொறுத்தேன். பிறகு தூக்கித் திருப்பினேன். அடித்தகடு வயிறு ஊதி, பொருத்தின ஓரம் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. மூடி இறுக்கினபடியே இருக்க, உள்ளே மிஞ்சிய தண்ணீர் அந்தக் கிழிசலால் என் மடியில் ஊற்றியது. குளிர்ந்த தண்ணீர். நான் கையை அடியில் கொடுத்தேன். கைக்குள் எவ்வளவு நிற்கும்?

மரியதாஸ் அண்ணன் கிழிசலில் விரலை வைத்தார். "ஒட்டலாமா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ஈயம் வைத்து ஒட்டலாம், காற்றடித்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும், நெருப்புக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு என்னைத் தேற்றவேண்டும் என்று நினைத்துவிட்டார். "அண்ணே சொன்னத செஞ்சிட்டாரு அக்கா. நெளிவ எடுத்துட்டாருதானே."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் நெளிவு எடுத்துத் தாறன் எண்டே சொன்னவர்? கொளுத்தித் தாறன் எண்டெல்லோ சொன்னவர்" என்றேன். அந்த நல்ல மனிதருக்கு முன்னால் அப்படிக் கத்தியிருக்கத் தேவையில்லை. அவர் கோபிக்கவில்லை. பேசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேத்தண்ணி போடக்கூட நான் எழும்பவில்லை.

போகும்போது லாம்பைக் கேட்டார். கண்ணாடி, மேல்மூடி, பிளந்த தாங்கி எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தேன். பார்க்க நல்ல லாம்பாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார், வந்த முதல்நாள் போலவே.

பேசினில் நின்ற தண்ணீரை என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணெய் கலந்தது, பூச்சட்டிக்கு ஊற்றினால் மரம் பட்டுவிடும். சிங்கில் ஊற்ற மனம் வரவில்லை. கடைசியில், பிரிஜ் நின்ற இடம் அழுக்காகக் கிடந்தது, அந்தத் தண்ணீரைக் கொண்டே குசினி நிலத்தைத் துடைத்தேன். முட்டுக்காலில் இருந்து, ஒரு மூலை விடாமல் துடைத்தேன். துணி இதுதான்.

கார்த்திகை ரெண்டாந் தேதிக்கு மறுநாள் மரியதாஸ் அண்ணன் போன் எடுத்தார். லாம்பின் உள்சாமானைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்குள் மெழுகுதிரியை நிறுத்திப் பார்த்தாராம். "பொய் சொல்லக்கூடாது அக்கா. நிக்கல. காத்துக்கு அணைஞ்சி அணைஞ்சி போச்சி, பிறகு மழையும் வந்துட்டு" என்றார். எரிந்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவருக்குப் பொய் வராது. பிலோமினாவின் கல்லறையில் இந்த முறையும் இருட்டிலேயே செபம் சொல்லிவிட்டு வந்தார்கள். அடுத்த கார்த்திகைக்கு என்ன செய்வார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாக்குக் கொடுக்க இந்த வீட்டில் இப்போது ஆளில்லை.

மிச்ச லாம்புகள் இருக்கின்றன. மகள் யாருக்காவது கொடுக்கச் சொல்கிறாள், தன்னோடு வந்து இருக்கவும் சொல்கிறாள். இரண்டுக்கும் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடற்காற்றுக்கு அவை கறுத்துக்கொண்டு வருகின்றன. நான் துடைப்பதில்லை, மினுக்குவது உங்களுக்குப் பிடிக்காதுதானே. சிலநேரம் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, கண்ணை மூடித் தடவிப் பார்ப்பேன். நெளிவு எங்கே என்று விரலுக்குத் தெரிகிறது. எப்படி எடுப்பதென்று தெரியாது. திரும்ப வைத்துவிடுவேன்.

புதுப் பிரிஜ் வந்துவிட்டது. பெரியது, உறைபனியே பிடிக்காதாம். மேல்தட்டு அகலம். முந்தாநாள் பாரை வாங்கினேன், அரைக்கிலோதான். இடது பக்கத்தில் அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வலது பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. முழு மீன் வாங்கினால் என்ன என்று கேட்க மீன்காரிக்கும் இப்போது தோன்றுவதில்லை.

ஒரு குறை. இந்தப் பிரிஜ் உள்ளுக்குள் இடைக்கிடை ஒரு சத்தம் போடுகிறது. புதுப் பிரிஜ்கள் அப்படித்தான், பிளாஸ்ரிக் குளிரில் சுருங்குகிற சத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்று கொண்டுவந்த பையன்கள் சொன்னார்கள். நேற்றும் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். 'டிக்' என்றது. நான் நிமிர்ந்து பல்கனிப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ" என்றேன்.

மிச்சத்தைச் சொல்லவில்லை.